துக்கம் விசாரிக்க வந்தேன்

போன மாதம் நீங்கள் நாலைந்து பேர் பெங்களூர் காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எல்லோரும் ஆஸ்பத்திரிகளில் சமூகப் பணிக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், பேஷன்ட் இறந்துட்டா குடும்பத்துக்கிட்ட சொல்றதுக்கு ஒரு நல்ல வாக்கியம் சொல்லிக் குடுங்க. ட்ரெயினிங்ல குடுத்தது வாயில வரவே மாட்டேங்குது."

ட்ரெயினிங்கில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டேன். போனை எடுத்து வாசித்தாள். "தங்கள் இழப்பிற்கு எங்கள் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

அன்றைக்கு நான் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன். நீங்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. அது சிரித்து ஒதுக்குகிற கேள்வி இல்லை. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் ஹெப்பகோடி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து ஓடிவந்து நிற்கிற ஒருத்தரிடம் போய் 'இழப்பு' என்றால் அவர் அதை நஷ்டஈட்டுப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார். நம் வேலையில் ஒரு வார்த்தை என்ன அர்த்தத்தில் சொல்லப்பட்டது என்பதைவிட எந்த அர்த்தத்தில் போய் விழுந்தது என்பதுதான் கணக்கு. இதை நான் கற்றுக்கொண்ட ஒரு பகல்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போதும் உங்களுக்கு வாக்கியம் கிடைக்காமல் போகலாம். அதற்கு இப்போதே தயாராக இருங்கள்.

நான் அப்போது ஓசூர் ரோட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராக இருந்தேன். நம் வேலையை வெளியில் யாருக்கும் விளக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். டாக்டருக்கும் குடும்பத்துக்கும் நடுவில் நிற்கிறவர்கள் நாம். சாவுச் செய்தியைச் சொல்வது டாக்டரின் வேலை, சொன்ன பிறகு வருகிற எல்லாமே நம் வேலை. எனக்கு மேலே இருந்த ஒரு அம்மாள் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு, இங்கிலீஷ் என்று ஐந்து மொழியிலும் ஒரே வாக்கியத்தை அழகாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். நிறுத்தி நிதானமாகச் சொல்வார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அந்த அம்மாள் திரும்பிப் போனதும் என்னிடம் வந்து, "அவங்க என்ன சொன்னாங்க?" என்பார்கள்.

மழை ஓய்ந்து டெங்கு பரவிக்கிடந்த சமயம் அது. வார்டில் இடமில்லாமல் வராந்தாவில் கட்டில் போட்டிருந்தோம். அப்படி வந்து சேர்ந்தவன் முருகேசன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமம். ஹெப்பகோடியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. அதே கம்பெனியில் பல வருஷமாக இருந்த அண்ணன் ஏழுமலைதான் தம்பியை அழைத்துவந்து சேர்த்துவிட்டவர். முருகேசனுக்குக் கல்யாணமாகித் தலைதீபாவளிகூட இன்னும் வரவில்லை. பெண்டாட்டி பெயர் செல்வி.

வந்த அன்று முருகேசன் தன் காலால் நடந்துதான் உள்ளே வந்தான். வயிறு வலிக்கிறது என்றான், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. மறுநாள் மத்தியானம் அவன் இல்லை. டாக்டர்கள் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் நடந்து வந்தவன் படுத்த இடத்திலேயே போய்விட்டால், எந்தக் குடும்பத்துக்கும் அது விளங்காது.

அன்று பணியில் இருந்தவர் டாக்டர் சுமா. கர்நாடகத்து ஹாசன் பக்கத்துப் பெண், தாய்மொழி கன்னடம், படிப்பு முடித்து வந்து அதிக நாள் ஆகவில்லை. நோயாளிகளோடு அவரவர் மொழியில் பேச வேண்டும் என்று ஆசை. வார்டு ஆயாக்களிடம் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டிருந்தாள். "எங்க வலிக்குது", "சாப்ட்டீங்களா", "பயப்படாதீங்க" என்பதெல்லாம் நன்றாக வரும். ஆயாக்களின் பாடம் அவ்வளவு தூரம்தான் போயிருந்தது. சாவுக்கு என்ன சொல்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஏழுமலையை வராந்தாவின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாளாம்: "அண்ணா, முருகேசன் போய்ட்டாரு. மன்னிச்சிடுங்க. எங்களை மன்னிச்சிடுங்க."

இங்கிலீஷில் யோசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறாள். 'ஐ ஆம் சாரி' என்பதற்கு அவளுக்குத் தெரிந்த தமிழ் அதுதான். இங்கிலீஷில் அந்த ஒரே சொல் காலை மிதித்தாலும் வரும், சாவுக்கும் வரும். தமிழில் வராது. தமிழில் மன்னிப்புக் கேட்கிறவன் தப்புச் செய்தவன்.

ஏழுமலை கையை உதறியிருக்கிறார். "மன்னிப்பா? எதுக்கு மன்னிப்பு கேக்கற? இன்னா பண்ணீங்க எந் தம்பிய?"

பயந்துபோன சுமா மறுபடியும் "சாரி, சாரி" என்றிருக்கிறாள். ஒவ்வொரு சாரியும் அவர் காதில் ஒரு ஒப்புதல் வாக்குமூலமாக விழுந்திருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கம்பெனிக்குப் போன் போய், ஷிப்ட் முடித்த ஆட்கள் யூனிபார்மோடு ஆட்டோவிலும் பைக்கிலும் வந்து குவிந்தார்கள். அவர்களிடம் போய்ச் சேர்ந்த செய்தி இது: "டாக்டரம்மாவே ஒத்துக்கினாங்களாம். மன்னிப்பு கேட்டாங்களாம்."

முருகேசன் இறப்பதற்குச் சற்று முன்புதான் வேறொரு குடும்பம் கூப்பிட்டு நான் மேல்மாடிக்குப் போயிருந்தேன். செக்யூரிட்டி மூச்சு வாங்க ஓடிவந்து, "மேடம், பேக பன்னி, கெளகடெ கலாட்டா", சீக்கிரம் வாங்க, கீழே கலாட்டா என்று கன்னடத்தில் சொல்லி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிட்டார். படியில் இறங்கும்போதே பூந்தொட்டி உடைகிற சத்தம் கேட்டது.

வழியில் முதல் மாடியிலிருந்த நிர்வாக அதிகாரியின் அறையில் சுமா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படி ஒரு கூட்டம் உள்ளே புகுந்து ஒரு டாக்டரின் கையை முறித்ததைக் கண்ணால் பார்த்தவர். அந்தப் பயம் அவருக்கு விடவே இல்லை.

"யாரும் கீழ போகக்கூடாது," என்றார். "யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சாரிங்கற சத்தமே இனிமே இந்த பில்டிங்ல கேக்கக்கூடாது. போலீஸ் வந்துக்கிட்டு இருக்கு. வந்து பாத்துக்கட்டும்."

சுமா என்னைப் பார்த்தாள். "கிரேஸ் மேடம், நான் தப்பா சொல்லிட்டேனா? சாரிக்குத் தமிழ்ல அதுதானே?"

"கால் மேல கால் பட்டுட்டா அதுதாம்மா. சாவுக்கு அது இல்ல."

"அப்ப சாவுக்கு என்ன?"

நான் தமிழச்சி. இந்த வேலையில் தலை நரைத்தவள். அவள் கேட்டது ஒரே ஒரு சொல். நின்று யோசித்துப் பார்த்தேன். அனுதாபம்? அது மேடையில் சொல்வது. இரங்கல்? அது போஸ்டரில் ஒட்டுவது, தீர்மானமாக நிறைவேற்றுவது. எதிரில் இருக்கிற மனுஷியின் கையைப் பிடித்துக்கொண்டு "என் ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று சொன்ன தமிழரை நான் பார்த்ததே இல்லை. எங்கள் சபையில் யாராவது இறந்தால் பாஸ்டர் வேத வசனம் வாசிப்பார், ஜெபிப்பார், வார்த்தைக்குப் பஞ்சமிருக்காது. அது பாஸ்டரின் வேலை. பக்கத்து வீட்டு அம்மாள் வந்து என்ன சொல்கிறாள்? உள்ளே வருகிறாள். உட்காருகிறாள். "நல்லாத்தானே இருந்தாரு? எப்படி ஆச்சு?" என்கிறாள்.

கேட்கிறாள். எதையும் சொல்வதில்லை. அதனால்தான் அந்தக் காரியத்துக்கே நாம் துக்கம் விசாரிப்பது என்று பெயர் வைத்திருக்கிறோம். பிறந்ததிலிருந்து பேசிவந்த சொல். அந்த அறையில் நின்றபோதுதான் அது எனக்கு முதல் தடவையாகக் காதில் விழுந்தது.

"நான் கீழ போறேன் சார்," என்றேன்.

"போனீங்கன்னா உங்க பொறுப்பு மேடம்."

"சரி."

இதைத் தைரியம் என்று நினைக்காதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கினேன். ஆனால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அந்த ஆட்கள் ஒரு வார்த்தை கேட்டுக் கொதித்துப்போய் நிற்கிறார்கள். அதற்கு மேல் நாங்கள் ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டால், அந்த மன்னிப்பு வாக்குமூலமாகவே நின்றுவிடும்.

முருகேசனை வைத்திருந்த அறை வாசலில் ஏழுமலை இரண்டு கையையும் நிலையில் ஊன்றி மறித்துக்கொண்டு நின்றார். அவரைச் சுற்றி யூனிபார்ம் சட்டைகள். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் கூட்டம் ஒரு மாதிரி இரைந்தது.

"நீ யாரு?" என்றார் ஏழுமலை. "நீயும் மன்னிப்பு கேக்க வந்தியா?"

"இல்லீங்க. நான் துக்கம் விசாரிக்க வந்தேன்."

அவர் வாய் திறந்தபடியே நின்றது. பங்காளிச் சண்டையில் பேச்சுவார்த்தை அறுந்துபோனவனாக இருந்தாலும், சாவுக்கு வந்து நின்றால் வாசலில் தடுக்கிற வழக்கம் நம் ஊர்களில் கிடையாது. அதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் உடம்புக்கே தெரிந்திருந்தது. நிலையிலிருந்து ஒரு கை கீழே இறங்கியது.

நான் உள்ளே போகவில்லை. அந்த வராந்தாவிலேயே, அவர் காலடியில், தரையில் உட்கார்ந்தேன். நாற்காலி இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஆஸ்பத்திரிக்காரி, தரையில் உட்கார்ந்தால் துக்கத்துக்கு வந்தவள். அவர் சுவரோடு சரிந்து எதிரில் உட்கார்ந்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் குந்தினார்கள்.

"நல்லாத்தானே இருந்தான்," என்றேன். "எப்படிங்க ஆச்சு?"

"அதத்தான் மேடம் நானும் கேக்கறேன். நடந்து வந்தான். அவங் காலால நடந்து வந்தான். செருப்ப வெளிய கழட்டி வுட்டுட்டு வந்தான் மேடம். இன்னும் அங்கதான் கெடக்குது."

"காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன், இந்த வேலையில் கஷ்டமான பகுதி அதுதான். நமக்கு மருத்துவம் கொஞ்சம் தெரியும், காரணம் தெரியும், விளக்கிவிடலாம் என்று நாக்கு துடிக்கும். துடிக்கட்டும், விட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தது, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கியது, ரசம் வைத்துக் கொடுத்தது, உடம்பு வலியென்று சுருண்டு கிடந்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நடுநடுவே பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "கேன்டீன்ல கூட ஒண்ணும் துன்னலையே அன்னிக்கி," என்றார் ஒருவர். சத்தம் மெல்ல மெல்ல அடங்கி, அது ஒரு சாவு வீட்டுப் பேச்சாக மாறிக்கொண்டிருந்தது.

பிறகு ஏழுமலை தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அப்புறம் காய்ச்சல் வுட்டுடுச்சு மேடம். ஒடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. இவன் அசதியா இருக்குது, இன்னும் ரெண்டு நாளு படுத்துக்கறேண்ணான்னான். நாந்தான்…" முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டுச் சொன்னார். "காய்ச்சல்தான் வுட்டுடுச்சே, அப்புறம் இன்னாடா, லீவு போட்டா கான்ட்ராக்டர் பேர வெட்டிடுவான், எழுந்து போடான்னேன். எம் பேச்ச தட்ட மாட்டான். போனான். மிஷினு முன்னாடியே வயித்த புடிச்சிக்கினு உக்காந்துட்டானாம்."

ஏழுமலை என் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மா மன்னிச்சிடுங்கன்னு சொன்னாங்க. அந்த வார்த்தைய நாந்தான் மேடம் சொல்லணும். எவங்கிட்ட போயி சொல்லுவேன்?"

அவருடைய கோபம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அவர் நெஞ்சில் ஒரு வார்த்தை ஏற்கெனவே கனன்றுகொண்டிருந்திருக்கிறது. அதே வார்த்தையை வேறொருத்தி வாயிலிருந்து கேட்டதும், தப்பு தன்னுடையது இல்லை என்று ஆகிவிடாதா என்று எட்டிப் பிடித்திருக்கிறார். கூச்சல் போடுகிறவரைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கூச்சல் நம்மைப் பார்த்து வருவதில்லை.

அடுத்து அவர் கேட்டதுதான் அன்றைக்கு வந்த பெரிய சோதனை. "மேடம், உண்மைய சொல்லுங்க. காய்ச்சல் வுட்ட அன்னிக்கே இட்டாந்திருந்தா பொழச்சிருப்பானா?"

"அதெல்லாம் இல்லீங்க, விதி முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லச் சொல்லி எல்லா முகமும் என்னைக் கெஞ்சியது. ஆனால் அந்தப் பொய் ஊர் போய்ச் சேர்வதற்குள் உடைந்துவிடும். நாளைக்கே யாராவது ஒருவர், இந்தக் காய்ச்சலில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து என்று சொல்லத்தான் போகிறார். அப்போது ஏழுமலை பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றேன். "டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும். கூப்பிடட்டுமா?"

கூட்டத்தில் மறுபடி ஒரு சலசலப்பு. ஏழுமலை கையைத் தூக்கினார். "கூப்டுங்க. எந் தம்பி மேல சத்தியமா அந்தம்மா மேல ஒரு விரல் படாது."

மேலே போய்ச் சுமாவைக் கூப்பிட்டேன். நிர்வாக அதிகாரி தலையில் கையை வைத்துக்கொண்டார், ஆனால் தடுக்கவில்லை. படியில் பாதி தூரத்தில் சுமா நின்றுவிட்டாள். "என்ன சொல்லணும் மேடம்? நீங்க சொல்லுங்க, நான் அப்படியே சொல்றேன்."

"நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன். அவர் ஒரு கேள்வி வச்சிருக்காரு. அதுக்கு உண்மையான பதில் சொல்லு. தமிழ் வரலைன்னா கன்னடத்துல சொல்லு, அவருக்குப் புரியும்."

கீழே வந்ததும், நான் சொல்லாமலேயே அவளும் தரையில் உட்கார்ந்தாள். ஏழுமலை அதே கேள்வியைக் கேட்டார். சுமா பாதி தமிழும் பாதி கன்னடமுமாகச் சொன்னாள்.

"அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். அன்னிக்கே வந்திருந்தா சான்ஸ் ஸ்வல்ப, கொஞ்சம் ஜாஸ்தி இருந்திருக்கும். கண்டிப்பா பொழச்சிருப்பாருன்னு சொல்ல முடியாது. ஆனா சான்ஸ் ஜாஸ்தி."

ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார்.

சுமா நிறுத்தவில்லை. "எங்க சிக்கம்மா, சின்னம்மா, ஹாசன்ல இருக்காங்க. அவங்களுக்கு இதே ஜுரம் வந்துச்சு. ஜுரம் விட்டுடுச்சு, டயர்டா இருக்குன்னு எனக்குப் போன் பண்ணாங்க. நான் டாக்டர். நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணா? ஜுரம்தான் விட்டுடுச்சே சிக்கம்மா, எழுந்து நடமாடு, சரியாயிடும்னு சொன்னேன். மறுநாளு ஐ.சி.யூ.ல போட்டாங்க." அவள் ஏழுமலை பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "எங்க சிக்கம்மா பொழச்சாங்க. அது என் கெட்டிக்காரத்தனம் இல்ல. உங்க தம்பி பொழைக்கல. அது உங்க தப்பு இல்ல. நானும் நீங்களும் ஒரே மாதிரிதான் சொன்னோம். எம்.பி.பி.எஸ். படிச்ச எனக்கே தோணல."

ஏழுமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு முன்னால் சாய்ந்து, நெற்றி தரையைத் தொட, அவர் அழுதார். சுமா என்ன செய்வது என்று தெரியாமல் அவர் முதுகில் கையை வைத்தாள். அந்தக் கை அங்கேயே இருந்தது. அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

தாபம் என்றால் சூடு. அனுதாபம் என்பது கூடச் சேர்ந்து தகிப்பது. அதுவரை நான் அதை ஏதோ போஸ்டர் வார்த்தை என்று நினைத்திருந்தேன். அந்தச் சின்னப் பெண் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட உச்சரிக்காமல் செய்து காட்டினாள். தன் வீட்டு நெருப்பைக் கொண்டுவந்து அவர் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதை நீங்கள் ஒரு உத்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இல்லாத சிக்கம்மாவை உண்டாக்கிச் சொல்லிப் பாருங்கள், எதிரில் இருக்கிறவர் ஒரு நொடியில் மோப்பம் பிடித்துவிடுவார்.

போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று எட்டிப்பார்த்தார். தரையில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்.

இதோடு முடிந்துவிட்டது என்று நானும் நினைத்து எழுந்தேன். அப்போதுதான் செல்வி என் கண்ணில் பட்டாள்.

வெட்கமாக இருந்தது. இவ்வளவு நேரமும் அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். அந்த அறைக்கு உள்ளே, கட்டிலுக்குத் தள்ளி, சுவரோரம் ஒரு ஸ்டூலில். கையில் ஒரு எவர்சில்வர் பாட்டில். தண்ணீர் ஆகாரமாக நிறையக் கொடுக்கச் சொன்னார்கள் என்று இளநீர் வாங்கப் போயிருக்கிறாள். வாங்கி, பாட்டிலில் ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது முருகேசன் இல்லை. அந்தப் பாட்டிலை அவள் கீழே வைக்கவே இல்லை. சத்தம் போட்டவரிடம் டாக்டர், நான், செக்யூரிட்டி, போலீஸ் எல்லோரும் போனோம். சத்தம் போடாதவளிடம் யாரும் போகவில்லை.

யாரும் போகவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. போனவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். நான் உள்ளே நுழைந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அவள் தோளைத் தட்டி, "தைரியமா இரு செல்வி. நீதான் தைரியமா இருக்கணும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு நர்ஸும் அதையேதான் சொல்லியிருக்கிறாள். ஏழுமலையும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

தப்பான வார்த்தை என்று சொல்ல மாட்டேன். நாம் எல்லோரும் சொல்வதுதான். சொல்கிறவர்களுக்கு அழுகையைப் பார்க்கப் பயம், அவ்வளவுதான். ஆறுதல் என்கிறோம். சூடான பாலை ஆற்றலாம், இரண்டு டம்ளர் இருந்தால் போதும். புண்ணை யாரும் ஆற்ற முடியாது, தானாகத்தான் ஆறும். அதற்கு முதலில் காற்றுப் பட வேண்டும்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பாட்டிலை வாங்க வேண்டும் என்று கை பரபரத்தது. வாங்கவில்லை. எதுவும் கேட்கவும் இல்லை. அண்ணனிடம் கேட்பது சரியாக இருந்தது, இவளிடம் அதுவும் சரியில்லை என்று தோன்றியது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன், கேள்விக்கு அங்கே இடம் இல்லை.

வெளியே பேச்சு நின்று, ஆம்புலன்ஸுக்குச் சொல்கிற குரல்கள் கேட்டன. செல்வி கட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். தண்ணீர் கேட்பது போன்ற சாதாரணக் குரல்.

"அக்கா, எல்லாரும் தைரியமா இருன்றாங்க."

"ம்."

"இன்னிக்குமாக்கா இருக்கணும்?"

நான் இந்த வேலையில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலுக்காவது சம்பளம் வாங்கினது நியாயம் என்று நினைக்கிறேன்.

"வேணாம்மா," என்றேன். "இன்னிக்கு வேணாம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறேனா என்று பார்க்கிற மாதிரி. பிறகு பாட்டில் கையிலிருந்து நழுவி, மூடி திறந்து, இளநீர் தரையெல்லாம் ஓடியது. அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை எழுத்தில் எழுத என்னால் முடியாது. நீங்களும் ஒரு நாள் கேட்பீர்கள்.

மறுபடியும் கலாட்டா ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து செக்யூரிட்டி ஓடிவந்தார். பின்னாலேயே நிர்வாக அதிகாரி, நர்ஸ், பக்கத்து வீட்டுப் பெண். ஏதாவது சொல்லி அவளை அடக்க எல்லோரும் ஒன்றாக உள்ளே வரப் பார்த்தார்கள். ஏழுமலை அவர்களுக்கு முந்தி வந்து அறை வாசலில் நின்றுகொண்டார். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"உள்ள யாரும் போவாதீங்க. அவ அழட்டும்."